சேற்றுக்கு அடியில் ஒரு கழுதை நிழல்

முணுமுணு செத்துப்போய் ஐந்து வாரம் ஆகிறது என்று எனக்குச் சொன்னவள் என் அக்கா மகள். அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூட வேனில் பேசிக்கொண்டார்களாம்.

முணுமுணு ஒரு கழுதைக்குட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வரும். யார் எதைத் தொலைத்தாலும் தேடி எடுத்து, மூட்டையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுக்கும். போகிற வழியெல்லாம் தனக்குத்தானே குறைபட்டுக்கொள்ளும். நாற்பதாவது எபிசோடில் ஆற்று வெள்ளத்தில் விழுந்து கரையேறியது. ஏறவே இல்லை என்பதுதான் வேனில் நடந்த பேச்சு.

போனில் தேடிப் படித்தேன். எழுதியவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள். வெள்ளத்துக்குப் பிறகு முணுமுணுவுக்கு நிழல் விழவில்லை, மற்ற எல்லோருக்கும் விழுகிறது. கடைக்கார வாத்து அதன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வீட்டில் கேரட் தட்டு குறைவதே இல்லை. ஆகவே கழுதை இறந்துவிட்டது, அதற்குத்தான் அது தெரியவில்லை. ஒருவர் வட்டம் போட்டு அம்புக்குறியெல்லாம் வரைந்திருந்தார். எவ்வளவு அழகாக யோசிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். நிழலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

முணுமுணுவுக்கு நிழல் போடுகிறவள் நான்.

டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள்தான் எங்கள் ஆபீஸ். வரைந்த படங்கள் வரும், வண்ணம் போட்டு அனுப்புவோம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி, கம்ப்யூட்டரில் கீழே தரை, அதன்மேல் நிழல், அதன்மேல் கழுதை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதெல்லாம் குரல் வராமல், ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமலே நின்றுவிட்ட எனக்கு அது தோதான வேலை. நிழலைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆபீஸில் எனக்குப் பெயர் மியூட்.

மறுநாள் ஃபைலைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. வெள்ளம் வடிந்த ஊருக்கென்று சேற்றுத் தரை ஒன்று புதிதாக வந்திருந்தது. அதை என் நிழலுக்கு மேலே வைத்திருந்தேன். மற்றவர்களுக்கு நிழல் போடும் பக்கத்து மேஜைக்காரர் எனக்குப் பிறகு போடுவார். அதனால் அவருடையதெல்லாம் சேற்றுக்கு மேலே தப்பித்துவிட்டது. அதையே நகலெடுத்து நகலெடுத்து ஐந்து எபிசோட் போயிருக்கிறது. சரிபார்க்கும் சூப்பர்வைசரம்மா படத்தைப் பார்ப்பதில்லை, பட்டியலைத்தான் பார்ப்பார். பட்டியலில் ‘கழுதை நிழல்’ என்று இருந்தது. டிக் போட்டுவிட்டார்.

அவரிடம் காட்டினேன். முகம் வெளுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

“வாயைத் திறந்தே, ரெண்டு பேரும் கீழ போய் டயர் உருட்ட வேண்டியதுதான். நீ திறக்க மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.”

அதற்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. கதை எழுதுகிறவர், அவரைக் கதைக்காரர் என்றுதான் சொல்வோம், முதலாளியின் அறையில் எல்லோரையும் கூட்டி வைத்து, தான் மறைத்து வைத்த ரகசியத்தை ஜனங்கள் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார். ஐம்பதாவது எபிசோடில் முணுமுணு தான் இறந்துவிட்டதைத் தெரிந்துகொள்ளும், அத்தோடு முடிப்போம் என்றார். முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை நாளில் நம் கழுதையைப் பற்றி நாலு பேர் பேசியது உண்டா என்று எங்களைக் கேட்டார். அதுவரை நிழல் போடவே கூடாது என்று எனக்கு உத்தரவு. தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டிப் பழகிய தலை.

புதன்கிழமை மேகம் மூடியிருந்தது. அக்கா மகள் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள், இறங்கவில்லை. வேன் ஹாரன் அடித்தது. அக்கா திட்டினாள், கெஞ்சினாள், தூக்கப் பார்த்தாள். குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாகக் காலையில் வெளியே ஓடித் தரையைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்க வருகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“சித்தி, எனக்கு நிழல் இல்ல,” என்றாள் மெதுவாக. “நானும் செத்துட்டேனா?”

வேன் போய்விட்டது. நானும் ஆபீஸுக்குப் போனேன். நாற்பத்தாறாவது எபிசோட் மேஜையில் காத்திருந்தது. சேற்றை எடுத்துக் கீழே வைத்தேன். நிழல் மேலே வந்தது. போதவில்லை. சாயங்கால வெயில் என்று காட்சியில் இருந்ததால், நிழலை இழுத்து நீட்டி, காது இரண்டும் வாத்தின் கடை வாசல்வரை போகிற மாதிரி போட்டேன். சூப்பர்வைசரம்மா வந்தார். பட்டியலைப் பார்த்தார். பிறகு, நான் பார்த்து முதல் தடவையாக, படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். டிக் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு படம் ஓடியது. திங்கள் முதலாளி கூப்பிட்டார். கதைக்காரர் பக்கத்தில் நின்றார். மெஷின் கோளாறு, தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதி மன்னிப்புக் கேட்டால் போதும் என்று தாளை நீட்டினார் முதலாளி. அவர் மேஜைக் கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்தேன். சேற்றை விலக்கிக் காட்டினேன். ஐந்து வாரத்து நிழலும் அங்கேயே கிடந்தது.

“இது நான் தெரியாம பண்ணின தப்பு சார். அஞ்சு எபிசோடுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்,” என்றேன். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. “ஆறாவதைத் தெரிஞ்சேதான் பண்ணினேன். அதுக்குக் கேக்க மாட்டேன். கழுதை சாகலை.”

கதைக்காரர் சுவரைப் பார்த்தார். ரகசியம் வைத்தவருக்கு அது எங்கே இருந்தது என்றே தெரிந்திருக்கவில்லை. முதலாளி என்னைக் கழுதையிலிருந்து எடுத்து, கல்லுக்கும் மரத்துக்கும் நிழல் போடச் சொன்னார். அவையும் பேசாது, உனக்குப் பொருத்தம் என்றார். இப்போதுதானே பேசினேன் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வட்டமும் அம்புக்குறியும் வரைந்தவருக்குக் கீழே, பெயர் போடாமல் எழுதினேன். இதுவரை என் நோட்டைத் தாண்டி ஒரு வரி போனதில்லை. கழுதை சாகவில்லை, வெள்ளத்துச் சேறு அதன் நிழலை மூடிவிட்டது, இத்தனை வாரமும் நிழல் தரைக்கு அடியிலேயே கழுதையோடு கூடவே நடந்து வந்தது, சேறு விலகியதும் மேலே வந்துவிட்டது என்று எழுதினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனாலும் இதுவரை வந்ததிலேயே அபாரமான கற்பனை என்று பாராட்டினார்கள். அந்தப் பேச்சு பள்ளிக்கூட வேன்வரை போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை, முதலிலிருந்தே தன் மனதில் இருந்தது அதுதான் என்று கதைக்காரர் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். ஐம்பதாவது எபிசோடில் முணுமுணு தொலைந்த தன் நிழலின் கதையைச் சொல்லுமாம்.

“அதை எழுதினது நான் சார்,” என்றேன். யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் சொன்னேன், இன்னும் சத்தமாக.

அடுத்த வாரம் மழை மூட்டம். அக்கா மகள் இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தாள். பிறகு ஒரே குதியாகக் குதித்து இறங்கி, வலது காலால் தரையை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

“அடியிலதான் இருக்கு சித்தி,” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.