இதுவும் கதவுதான்

பால் பாக்கெட்டை வெட்டினேன். காய்ச்சினேன். குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஏறித் திருமயத்தில் இறங்கினேன். கார் அங்கே அழகுமலையின் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. இடது முன்கதவு கீல் தேய்ந்து தொங்கியதால், புதுக் கீல் போட விட்டிருந்தேன்.

என் மனைவி இலக்கியா மாசியில் இறந்தாள். அவள் தங்கை பொற்கொடிக்கு அன்று ஆவுடையார்கோவிலில் தட்டு மாற்றுகிறார்கள். எல்லோரும் வேனில் கிளம்பிவிட்டார்கள். அத்தை மட்டும் என் காரில் வருவதாக ஏற்பாடு.

அத்தை, அதாவது என் மாமியார் முத்துமாரியம்மாள், என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை அறைக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். இலக்கியா போன பிறகு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. பேச்சும் நின்றுபோனது. அன்று இந்தக் காரும் கிளம்பாமல் போனால், அந்த வீட்டுப் படியேற எனக்கு வேறு காரணம் இருக்காது.

அத்தை தேங்காய் அடுக்கிய தாம்பாளத்தோடு ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். பின்சீட் முழுக்க வாழைத்தாரும் பூக்கூடையும் ஏறின. அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, அழகுமலை கதவை ஓங்கிச் சாத்தினார்.

"பாத்தீங்களா சார்? இனி ஆடாது, அசையாது."

உண்மைதான். திறக்கவும் இல்லை.

போல்ட்டுகளை இறுக்கியவர், கதவு சட்டத்தில் நேராக உட்காருகிறதா என்று பார்க்கவில்லை. கதவு இறங்கியிருந்தது. பூட்டு கொக்கியைக் கோணலாகக் கவ்விக்கொண்டது.

"ஓடுற வண்டிக்குக் கதவு எதுக்கு சார் தொறக்கணும்? கெளம்புங்க."

"கோயில்ல எப்படி எறங்குவாங்க?"

"அங்கிட்டு, டிரைவர் பக்கமா வரட்டும்."

"சம்பந்தி வீட்டு ஆளுக முன்னாடி நான் கியரத் தாண்டிக் குதிக்கணுமா? பட்டுச் சேலையோட?" பாதி இறங்கியிருந்த கண்ணாடி வழியே அத்தை கேட்டார். அழகுமலையிடம்தான்.

வழி ஒன்றுதான் இருந்தது. நான் கதவின் அடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். அதே நொடியில் அத்தை உள்கைப்பிடியை இழுத்துத் தோளால் தள்ள வேண்டும். அழகுமலை வெளிக்கைப்பிடியை இழுப்பார்.

"அழகுமலை, மாப்பிள்ளையத் தூக்கச் சொல்லுப்பா."

"தூக்கச் சொல்றாங்க சார்."

தூக்கினேன். அதற்குள் அத்தை கையை எடுத்திருந்தார்.

"மாப்பிள்ளை தூக்கிட்டாரான்னு கேளு."

"தூக்கிட்டீங்களா சார்?"

"எறக்கிட்டேன்."

"எறக்கிட்டாராம்மா."

அத்தை அப்போதுதான் தள்ளினார். கதவு அசையவில்லை.

இன்னும் இரண்டு தடவை இப்படியே நடந்தது. அழகுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? ரெண்டு பேரும் நேரா பேசிக்கங்களேன்."

"மாப்பிள்ளைகிட்ட மொகத்துக்கு மொகமா? நல்லா இருக்குப்பா ஒன் ரோசனை!"

"கதவுக்குப் பின்னாடி நின்னு பேசுறது ஒங்க வழக்கந்தானே? இதுவும் கதவுதானம்மா!"

என் போன் அடித்தது. பொற்கொடி.

"அத்தான், இன்னும் காணோமேன்னு அப்பா வேனத் திருப்பச் சொல்றாங்க. அம்மாவக் கூட்டிட்டுப் போக வரவா?"

"இரு" என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து கதவைப் பிடித்தேன். கை வழுக்கியது.

உள்ளே தாம்பாளத்தை மடியில் இடுக்கிக்கொண்டு அத்தை கைப்பிடியைப் பிடித்தார்.

"இலக்கியா, மாப்பிள்ளைய..."

நிறுத்திக்கொண்டார். அழகுமலை கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். ஹைவேயில் ஒரு பஸ் போயிற்று.

"தூக்குங்க, மாப்பிள்ளை!"

தூக்கினேன். கதவு திறந்தது. அத்தையும் தேங்காய்களும் ஒன்றாக வெளியே வந்தார்கள். அத்தையை நான் பிடித்தேன். தேங்காய்களை அழகுமலை துரத்தினார்.

பிறகுதான் அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார். போல்ட்டுகளைத் தளர்த்தி, கதவுக்கடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் பலகை வைத்து ஏற்றினார். "இன்னும் ஒரு நூல் தூக்கணும்" என்று அத்தை சொன்னார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கதவுக்கும் பக்கத்துத் தகரத்துக்கும் நடுவே இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வந்ததும் அழகுமலை போல்ட்டை இறுக்கி, விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. திறந்தும் பார்த்தோம். அத்தை ஏறினார்.

இப்போது டீக்கடையில் அழகுமலை இந்தக் கதையைச் சொல்லும்போது, 'இனி நீங்கதான் எனக்கு மகன்'னு அந்தம்மா அழுதுச்சு என்று முடிக்கிறாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆவுடையார்கோவில் வரை நாங்கள் பேசவில்லை. கோயில் வாசலில் அத்தை தானே கதவைத் திறந்து இறங்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டார். கதவைச் சாத்தி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"திரும்பி வாரப்ப நான் பின்னாடி ஒக்காந்துக்கிறேன், மாப்பிள்ளை. இந்தக் கதவ நம்ப முடியாது."