அட்டைக்கு உரியவர்

குசுமலதாவின் துணிப்பையை யாரோ பிளேடால் கீறியிருந்தார்கள். புத்தகயாவில், மகாபோதிக் கோயில் வாசலில், பெண்களைச் சோதித்து உள்ளே விடும் வரிசையில் நெருக்கியடித்து நின்றபோதுதான் அது நடந்திருக்க வேண்டும். அவள் கவனிக்கவில்லை. உள்ளே போய், போதி மரத்தடியில் மற்றவர்களோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பிரித் என்னும் காப்புச் சூத்திரங்களை ஓதினாள். வெளியே வந்து, தொலைபேசிகளை ஒப்படைத்த இடத்தில் ரசீதுத் துண்டை நீட்டி இரண்டைத் திருப்பி வாங்கினாள். ஒன்று அவளுடையது. மற்றது அவளுடைய கணவன் ஆரியபாலவுடையது. அதில் நான்கு செய்திகள் வந்திருந்தன.

'அன்புள்ள திரு. ஆரியபால, உங்கள் அட்டையைப் பயன்படுத்திப் பணம் எடுக்கப்பட்டுள்ளது.'

நான்கும் அதே செய்திதான். நான்கும் கயா நகரத்து இயந்திரங்களில் இருந்து.

அவள் பைக்குள் கையை விட்டாள். விரல்கள் மறுபக்கத்தால் வெளியே வந்தன. வெள்ளைத் துணி இருந்தது, தண்ணீர்ப் போத்தல் இருந்தது, பணப்பை இல்லை. அட்டை அதற்குள் இருந்தது. அட்டையோடு, இரகசிய இலக்கம் எழுதிய பழைய பஸ் டிக்கட்டும் இருந்தது. அதை எழுதியது ஆரியபாலதான்.

ஆரியபால இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதத் தானம், ஆண்டுத் தானம் மூன்றையும் அவள் பிக்குகளுக்குக் குறைவில்லாமல் கொடுத்தாள். இலங்கையில், குளியாப்பிட்டியில் அவன் பஸ் ஓட்டிய டிப்போவுக்குத் தெரியும், கிராம சேவகருக்குத் தெரியும். வங்கிக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. மரணச் சான்றிதழோடு இரண்டு முறை போனாள். முதல் முறை கதவருகில் இருந்தே திரும்பினாள். இரண்டாம் முறை இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். தன் இலக்கத்தைக் கூப்பிட்டதும் எழும்பி வெளியே வந்துவிட்டாள். அந்தக் கணக்கில் இருந்தது, இருவரும் புத்தகயா போகவேண்டும் என்று ஆரியபால பன்னிரண்டு வருடம் சேர்த்த காசு. அவள் எப்போது அட்டையைப் போட்டாலும் அவன் தொலைபேசிக்கு, அவன் பெயரைச் சொல்லிச் செய்தி வந்தது. வேறு எங்கிருந்தும் அந்தப் பெயருக்கு இப்போது எதுவும் வருவதில்லை.

"என்ன அண்ணி, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு?" என்று தயாவதி கிட்ட வந்தாள். ஆரியபாலவின் தங்கை அவள்.

குசுமலதா பையின் கிழிசலைக் காட்டினாள்.

"ஐயோ! அண்ணன்ர பாங்க் காட்டா? முதல்ல வங்கிக்குப் போன் அடியுங்கோ அண்ணி. நிண்டு யோசிக்கிற நேரமா இது?"

ஆரியபாலவின் தொலைபேசியில் இருந்தே அடித்தாள். கொழும்பில் ஒரு இளம்பெண் எடுத்தாள். இணக்கமான குரல்.

"சொல்லுங்கோ மேடம்."

"என்ர மனுசன்ர காட்டைக் களவெடுத்திட்டாங்கள் பிள்ளை. காசு எடுத்துக்கொண்டே இருக்கிறாங்கள். நிப்பாட்டுங்கோ."

"பயப்படாதீங்கோ மேடம், உடனே நிப்பாட்டலாம். அட்டைக்கு உரியவர் பக்கத்தில இருக்கிறாரா? அவரோட ரெண்டு சொல்லுக் கதைக்கோணும்."

குசுமலதா வாயைத் திறந்தாள். "கொஞ்சம் பொறுங்கோ" என்றுதான் வந்தது. தொலைபேசியை உள்ளங்கையால் பொத்தினாள். கைக்குள்ளேயே அது அதிர்ந்தது. ஐந்தாவது செய்தி.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. முப்பத்தாறு பேர் வந்த யாத்திரை அது. அதில் ஜினதாசவும் ஒருவர். ஆரியபால ஓட்டிய பஸ்ஸில் பத்தொன்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். பகிடி விட்டுச் சிரிக்க வைக்காமல் அவரால் பத்து நிமிடம் இருக்க முடியாது.

"தாங்கோ தங்கச்சி, நான் கதைக்கிறன்" என்றார். "பத்தொன்பது வருசம் அவன்ர முதுகுக்குப் பின்னால நிண்டு மணி அடிச்சனான். அவனைப் போலக் கதைக்க எனக்குத் தெரியாதே?"

"அது பிழையில்லையோ, அண்ணை?"

"கள்ளன் அங்க காசை அள்ளுறான், நீங்கள் இங்க சரி பிழை பாக்கிறீங்கள். அடையாள அட்டை இலக்கம் தெரியுமோ?"

தெரியும். ஆசுபத்திரியில் பத்துப் பன்னிரண்டு முறை எழுதிக்கொடுத்த இலக்கம். அவள் காதோடு சொல்ல, ஜினதாச உரத்துச் சொன்னார். பிறந்த திகதியைச் சொன்னார், வீட்டு விலாசத்தைச் சொன்னார். "ஓம், ஆரியபாலதான் கதைக்கிறன்" என்றார்.

குசுமலதா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். குரல் ஒன்றும் பொருந்தவில்லை. ஆனால் அந்தச் சொற்களை ஒரு ஆண் குரல் சொல்லிக் கேட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

"சேர் இப்ப இந்தியாவிலயா நிக்கிறீங்கள்?" ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

ஜினதாசவுக்கு உசார் வந்துவிட்டது. "ஓம் பிள்ளை, புத்தகயாவில. மனுசியையும் கூட்டிக்கொண்டு வந்தனான். காட்டை அவவிட்டக் குடுத்தது என்ர பிழை. முப்பது வருசமா தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிறன், பையைக் கவனமாப் பிடி எண்டு. கவனமே இல்லாத மனுசி! கேட்டாத்தானே!"

அந்தப் பெண் சிரித்தாள். சுற்றி நின்றவர்களில் இரண்டொருவரும் சிரித்தார்கள்.

குசுமலதா கையை நீட்டி அவரிடம் இருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"அவர் அப்பிடிச் சொல்லமாட்டார்" என்றாள்.

"ஹலோ? மேடம்?"

"பிள்ளை, இப்ப கதைச்சவர் என்ர மனுசன் இல்லை. அவர் சும்மா எனக்கு உதவிக்கு வந்தவர். என்ர மனுசன் செத்துப்போயிற்றார்."

இத்தனை மாதமும் அவள் 'இல்லாமப் போயிற்றார்' என்றுதான் சொல்லி வந்தாள். மற்றச் சொல்லை வாயில் எடுத்தது இதுதான் முதல் தடவை. மறுமுனையில், தூரத்தில் வேறு யாரோ வேறு யாருடனோ பேசுவது கேட்டது.

"எப்ப மேடம்?"

"போன வருசத்துக்கு முந்தின வருசம் நவம்பர். ஆறாந் திகதி விடிய."

விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. "என்ர ஆழ்ந்த அனுதாபங்கள். காட்டை நிப்பாட்டியாச்சு மேடம், இனி ஒருத்தரும் எடுக்கேலாது. ஆனா இப்ப நீங்கள் இதைச் சொன்னபடியா கணக்கையும் முடக்க வேண்டியிருக்கு. நாட்டுக்கு வந்து பத்திரங்களைக் குடுக்கும் வரைக்கும் நீங்களும் எடுக்கேலாது."

"விளங்குது."

"பொலிசில ஒரு முறைப்பாடு போட்டு, அந்தத் துண்டைக் கவனமா வைச்சிருங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல கதைச்ச ஆளைப் பற்றி நான் எழுதேல்ல, மேடம். நீங்கள் சொன்னதை மட்டும்தான் எழுதியிருக்கிறன்."

ஜினதாசவுக்கு அந்தக் கடைசிப் பேச்சு காதில் ஏறவில்லை. "உதவி செய்ய வந்தவனைக் கள்ளனாக்கிப் போட்டீங்களே, தங்கச்சி!" என்று வெடித்தார். "நாளைக்கு விமான நிலையத்தில என்னைப் பிடிச்சா ஆர் பொறுப்பு? என்ர பென்சனுக்கு ஆர் பதில் சொல்லுறது?" செருப்பைத் தேய்த்தபடி முன்னால் நடந்து போனார்.

தயாவதிக்கும் கோபம். "ஒரு கிழமை பொறுத்துச் சொல்லியிருந்தா அண்ணன்ர போனில இருந்தாவது காசை மாத்தி எடுத்திருக்கலாமே அண்ணி. நாளைக்குத் தானத்துக்கு என்ன செய்யப் போறீங்கள்? அண்ணன்ர பேரில குடுக்கவெண்டுதானே வந்தனீங்கள்?"

"ஓம்" என்றாள் குசுமலதா.

பொலிஸ் நிலையத்துக்கு வழிகாட்டியும் தயாவதியும் கூடப் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் சால்வை போர்த்திய அதிகாரி இந்தியில் கேட்டார்; வழிகாட்டி சிங்களத்தில் சொன்னார்.

"காட்டில இருக்கிற பேருக்கு உரிய ஆள் வந்து கையெழுத்து வைக்கோணுமாம்."

குசுமலதா வாய் திறப்பதற்குள் தயாவதி சொன்னாள்: "அவர் செத்துப்போயிற்றார் எண்டு சொல்லுங்கோ. அவர் என்ர அண்ணன்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணனுடைய செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு ஓடித் திரிந்தவள் அவள். அன்றைக்கு அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. குசுமலதா கதிரையை அவள் பக்கம் நகர்த்தி, தோளைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு தாளைத் திருப்பி, மனைவி கையெழுத்திட்டால் போதும் என்று இடத்தைக் காட்டினார்.

அடுத்த நாள் தானத்துக்குக் குசுமலதாவிடம் கொடுக்க ஒரு சதமும் இல்லை. தயாவதி தன் காசை நீட்டினாள், அவள் வாங்கவில்லை. விடியும்போதே யாத்திரிகர் மடத்தின் சமையலறைக்குப் போய்த் தேங்காய் துருவினாள், பருப்புக் கழுவினாள், பிக்குகளுக்கான இருபத்தெட்டுத் தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். தானம் முடிந்து புண்ணியத்தை இறந்தவர்களுக்குச் சமர்ப்பிக்கும்போது, யாத்திரையில் கூட வந்த பிக்குவான ஹாமுதுரு ஆரியபாலவின் பெயரையும் வாசித்தார். கிண்ணத்தில் நீர் வார்த்த குசுமலதாவின் கைகளில் தேங்காய்ப் பால் மணம் போகாமல் இருந்தது.

ஜினதாச இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. குசிநகரத்துக்குப் போகும் வழியில், பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, எழும்பி வந்து எதிர் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சாரதியைக் கண்ணால் காட்டினார்.

"இவன் பிரேக்கைப் போட்டு உதைக்கிறான். ஆரியபால எண்டா இந்த றோட்டில நித்திரை கொண்டவனை எழுப்பாம ஓட்டுவான்."

"ஓம் அண்ணை."

"தங்கச்சி, நான் ஒண்டு கேக்கலாமோ? அண்டைக்கு அவனே போனில கதைச்சிருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

அவள் யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

"'தொலைச்சுப்போட்டம் பிள்ளை' எண்டு சொல்லியிருப்பார். தொலைச்சது நான் எண்டாலும், தன்னையும் சேத்து 'தொலைச்சுப்போட்டம்' எண்டுதான் சொல்லுவார்."

ஜினதாச தலையை ஆட்டினார். கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அது சரி" என்றார். "அவன் அப்பிடித்தான். ஒருக்கா நான் டிக்கட் புத்தகத்தை மறந்துபோய் வந்திட்டன். இன்ஸ்பெக்டரிட்ட, 'மறந்திட்டம் சேர்' எண்டான். அவனுக்கும் சேத்துத்தான் தண்டம் போட்டாங்கள்." தொப்பியை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

ஊர் திரும்பி நான்காம் நாள் குசுமலதா வங்கிக்குப் புறப்பட்டாள். மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், புத்தகயாப் பொலிஸ் கொடுத்த முறைப்பாட்டுத் துண்டு எல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. போன காசு திரும்பி வருமா என்பது தெரியவில்லை. மிச்சத்தை அவள் பெயருக்கு மாற்ற இரண்டு மூன்று மாதம் செல்லும் என்று கிராம சேவகர் சொல்லியிருந்தார். பஸ் நிலையத்தில் ஜினதாச குடையோடு நின்றார். குடையை அவளுக்கும் சேர்த்துப் பிடித்தபடி கூட நடந்தார். வங்கி வாசலில் நின்றுவிட்டார்.

"உள்ள வரேல்லையோ அண்ணை?"

"நீங்கள் போங்கோ தங்கச்சி. நான் வாயைத் திறந்தா குரலைக் கண்டுபிடிச்சிடுவாங்கள்."

அவள் சிரித்துவிட்டாள். கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போய், இலக்கத் துண்டை எடுத்து, முன் வரிசையில் உட்கார்ந்தாள்.