தென்கிழக்கே சாய்ந்த ஒயின்

1963 அறுவடையில் பொர்தீனோ குடும்பத்தின் வீட்டில் வடித்த சிவப்பு ஒயின் எந்தத் தம்ளரில் ஊற்றினாலும் மட்டமாக நிற்கவில்லை. தென்கிழக்குப் பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. பக்கத்தில் வைத்த தண்ணீர் ஒழுங்காக நின்றதால் மேசையைக் குற்றம் சொல்ல வழியில்லை. தம்ளரைத் திருப்பிப் பார்த்தார்கள். தம்ளர்தான் திரும்பியது, ஒயின் திரும்பவில்லை. ருசியில் ஒரு குறையும் இல்லை.

அந்த வீட்டில் தெல்மோவும் அவன் தாய் அகோஸ்தீனாவும் இருந்தார்கள். வடக்கே இருக்கும் அந்த லாங்கே மலைப் பெண்களெல்லாம் தூரின் நகரத்துக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட, திராட்சைக்காரனைக் கட்டிக்கொள்ள ஆள் கிடைக்காமல் தெல்மோவுக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது. கடைசியில் கல்யாணத் தரகர் அவனுடைய பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோவை எடுத்துக்கொண்டு நாட்டின் தெற்கு அடிமுனைக்கே போய், கலாப்ரியாவிலிருந்து நுன்சியாவைப் பேசி முடித்தார். ரயிலை விட்டு இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "போட்டோவுல இருந்த முடிய யாருக்குங்க தானம் குடுத்தீங்க?" என்பதுதான். இருந்தாலும் கல்யாணம் நடந்தது. அவள் எல்லாவற்றிலும் மிளகாய் போட்டாள். "இவ சமைச்சா நாக்குக்கே வேர்க்குது" என்று அகோஸ்தீனா சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டையும் காலி செய்தாள். அந்த அக்டோபரில் திராட்சை நசுக்கும் எந்திரத்தின் பல்சக்கரம் உடைந்தது. தொட்டி நிறையப் பழம் கிடந்தது, ரிப்பேர்காரன் வர ஒரு வாரமாகும். நுன்சியா காலைக் கழுவி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மூன்று நாள் மிதித்தாள். மிதித்த நேரமெல்லாம் அவள் ஊர்ப் பேச்சில் பாடினாள், பாட்டு ஒருவருக்கும் விளங்கவில்லை.

அடுத்த மார்ச் மாதத் தேய்பிறையில், மண்டியை நீக்க ஒயினைப் பீப்பாய் மாற்றும்போதுதான் சாய்வு தெரிந்தது. நகரத்திலிருந்து வந்த நிபுணர் ரசமட்டம் வைத்துப் பார்த்து, நிலவறைத் தரையில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பாதிரியார் இரண்டு தம்ளர் குடித்துப் பார்த்து, பாவம் எதுவும் கலக்கவில்லை என்றார். பள்ளி ஆசிரியர் மட்டும் நிலப்படத்தை விரித்து, ஒயின் காட்டிய திசையில் ஒரு நூலைப் பிடித்தார். நூல் மலைகளைத் தாண்டி, கடலை ஒட்டியே இறங்கி, நுன்சியாவின் ஊருக்கு மேல் போய் நின்றது. அன்றிலிருந்து தெல்மோ தினமும் காலையில் ஒரு தீக்குச்சியைத் தம்ளரோரம் நிறுத்தி, சாய்வு எவ்வளவென்று நகத்தால் கீறி வைத்தான். அவளுக்குக் கடிதம் வந்த நாளில் கீறல் ஏறியது, பனிமூட்டம் இறங்கிய நவம்பரில் குச்சியே போதவில்லை. போகப்போகிறாயா என்று அவளிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளே.

ஜனவரியில் அவனே அவளை ஊருக்குக் கூட்டிப்போனான். பிரம்பு பின்னிய குப்பியில் அந்த ஒயினையும் எடுத்துக்கொண்டு, ரயில் மாறிய இடத்திலெல்லாம் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தான். ரோமில் சாய்வு பாதி இறங்கியிருந்தது, நேப்பிள்ஸில் கால்வாசிதான் மிச்சம். மாமியார் வீட்டு மேசையில் ஒயின் அச்சு அசலாக மட்டமாக நின்றது. ஒன்றே முக்கால் வருடத்தில் நுன்சியா அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்தான். மூன்றாம் நாள் காலை, அவள் கோழிக்குத் தீனி வைக்கப் போயிருந்தபோது, "கவாத்து வேல கெடக்குது. அவ இருந்துட்டு வரட்டும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, அவளுடைய திரும்பும் டிக்கெட்டை ஒயின் தம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினான். ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பான்.

ரயிலுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தலைத்துணி ஒரு பக்கம் நழுவ, இரண்டு கையாலும் அந்தத் தம்ளரை ஏந்திக்கொண்டு நுன்சியா வந்தாள்.

"டிக்கெட்ட யாராவது தம்ளருக்கு அடியில வப்பாங்களா? ஒயின் வழிஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு."

"எப்படி வழியும்? மட்டமாத்தானே இருந்துச்சு."

"நீங்க இருந்த வரைக்கும் இருந்துச்சு. நீங்க வாசலத் தாண்டினதும் இது ஸ்டேஷன் பக்கம் சாஞ்சிருச்சு. எங்கம்மாதான் பார்த்துட்டு, 'நிக்காதடி, ஓடு'ன்னாங்க. கொட்டாம தூக்கிட்டு ஓடியாறதுக்குள்ள கை அசந்துபோச்சு. தள்ளி உக்காருங்க."

அவன் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தான். தம்ளருக்குள் ஒயினும் அவன் பக்கமாக நகர்ந்தது. அவன் அழுதுவிட்டான், அவள் பார்க்காதது போல மீதி ஒயினைக் குடித்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது குப்பியில் மிச்சமிருந்தது பழையபடி தென்கிழக்கே சாய்ந்திருந்தது. தெல்மோ அளக்கவில்லை, தீக்குச்சிகளை அடுப்புக்குக் கொடுத்துவிட்டான். எந்திரத்தைச் சரிசெய்ய அதன்பிறகு யாரும் ஆள் அனுப்பவில்லை. ஒவ்வொரு அக்டோபரிலும் அகோஸ்தீனாவே வெந்நீர் வைத்து மருமகள் காலடியில் கொண்டுபோய் வைத்தாள். புதிதாக ஒயின் வாங்க வருகிறவர்கள் தம்ளரைப் பார்த்துவிட்டு, மேசைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கக் குனிவார்கள்.

"மேசையில ஒண்ணும் கோளாறு இல்லய்யா" என்பாள் அகோஸ்தீனா. "எங்க மருமகளுக்கு அம்மா வீடு அந்தப் பக்கம். குடிங்க."