கியர் தேய்த்த இடம்

இடது பூட்ஸ் கழன்று வந்துவிட்டது. வலதுதான் வர மறுத்தது.

அவள் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, பூட்ஸின் குதிகாலை ஒரு கையிலும் கணவரின் கெண்டைக்காலை மறு கையிலும் பிடித்து இழுத்தாள். வேலை முடிந்து வரும் மழை நாட்களில் இதே வேலையைச் செய்திருக்கிறாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மெதுவா இழு, காலும் சேர்ந்து வந்துடப்போகுது" என்பார். இப்போது கால் விறைத்திருந்தது. கணுக்கால் மடங்கிக் கொடுக்கவில்லை. பக்கிள்களை எல்லாம் தளர்த்தி, பூட்ஸின் நாக்கை வெளியே மடித்து, மறுபடியும் இழுத்தாள்.

"கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க பொண்ணுக்குத்தான்."

வந்தது. வந்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, தையல் மெஷினில் தலை இடித்தது. வலிக்கவில்லை. வலிப்பதற்கு நேரமில்லை.

கதவு தட்டப்பட்டது. நாத்தனார்.

"உள்ள என்ன பண்றே? தம்பிக்குச் சட்டை மாத்த இவ்வளவு நேரமா?"

"பொத்தான் அந்துபோச்சு. தெச்சுக்கிட்டு இருக்கேன்."

"இப்போ போய் பொத்தானா! வண்டி தெருமுனைக்கு வந்தாச்சாம். உம் பொண்ணு வழி காட்டப் போயிருக்கா."

அது அவளுக்குத் தெரியும். மகள் போகட்டும் என்றுதான் காத்திருந்தாள். தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சவப்பெட்டி ஏற்றி வரும் வண்டி சந்து சந்தாகச் சுற்றித்தான் வர வேண்டும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

விடியற்காலையில் மகள்தான் இந்த பூட்ஸை அப்பா காலில் போட்டுவிட்டாள். மருந்து வண்டிக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு மோட்டார் சைக்கிளில் மருந்தும் ரத்தமும் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். ரோட்டில் போனாலும் வீட்டில் போனாலும், ஓட்டினவனை அவன் பூட்ஸோடுதான் அனுப்புவார்கள். பெட்டியை மூடுவதற்கு முன், அவனோடு ஓட்டினவர்கள் ஒவ்வொருவராக வந்து, இடது பூட்ஸின் பெருவிரல் மேட்டில் கட்டைவிரலை வைத்து எடுப்பார்கள். கியரை மேலே தூக்கும்போதெல்லாம் உரசி உரசித் தேய்கிற இடம் அது. அந்தத் தேய்மானம்தான் ஓட்டினவனுடைய கணக்கு என்பார்கள்.

"அதைக் கழட்டி நீ வெச்சுக்கடி" என்று காலையில் சொல்லிப் பார்த்தாள். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொணத்துக் கால்லேர்ந்து உருவி மாட்டிக்கிட்டாள்னு எல்லாரும் சொல்லணுமா? இப்பத்தான் என்னையும் வண்டி ஓட்டற ஆளா சேர்த்திருக்காங்க. அப்பா அதோடதான் போவார். பேசாதம்மா."

பேச்சு எடுபடாத இடத்தில் கையைப் பயன்படுத்துவது தாயின் பழக்கம்.

மகளுடைய பூட்ஸை வாசலிலிருந்து முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்திருந்தாள். "பார்க்க அதே மாதிரிதாம்மா இருக்கு, விலையில பாதிகூட இல்ல" என்று மகள் பூரித்துப்போய் வாங்கி வந்தது. கறுப்பு, பக்கிள், உயரம், எல்லாம் அதே மாதிரிதான். ஆனால் அவள் வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறவள். தோலுக்கும் ரெக்சினுக்கும் வித்தியாசம் அவள் விரலுக்குத் தெரியும். துணிமேல் பிளாஸ்டிக் பூசியது. கணுக்கால் காப்பு என்று வைத்திருந்தது தண்ணீரில் ஊறினால் குழையும் அட்டை. போன மழைக்கு வாங்கியது வாய் பிளந்து செத்தது. இது அதன் தங்கை.

போன மாதம் சரளைக்கல் கொட்டின வளைவில் வண்டி சறுக்கியிருக்கிறது. மகள் சொல்லவில்லை. அவள் குளித்துவிட்டு வரும்போது தாய் பார்த்தாள். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. "மரக்கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்" என்றாள் மகள். அவர்கள் வீட்டில் இருப்பது இரும்புக் கட்டில், மரக்கட்டிலே கிடையாது.

அதே வளைவில் ஒரு தரம் அவர் விழுந்திருக்கிறார். வண்டி முழுசாகக் கால்மேல் கிடந்து, காலோடு இழுத்துக்கொண்டு போனது. பூட்ஸின் பக்கத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததோடு சரி. வீட்டுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்து இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது வாங்கியது அந்த பூட்ஸ். வாங்கி வந்த அன்றைக்கு விலையைக் கேட்டுத் தாய் ஆடின ஆட்டம் கொஞ்சமா? "கால்ல போடறதுக்கா இவ்வளவு? தலைக்கு வெச்சுக்கிட்டுப் படுங்க!" அவர் நிஜமாகவே தலைக்கு வைத்துப் படுத்து அவளைச் சிரிக்க வைத்தார். அடித்தோல் எத்தனையோ முறை மாற்றியாகிவிட்டது. மேல்தோல் மட்டும் அசையவில்லை. கியர் தேய்த்த இடம் ஓட்டை விழப் பார்த்தபோது அவளே சீட்டில் மிஞ்சின தோலை வெட்டி ஒட்டுப் போட்டாள்.

அந்த ஒட்டுத்தான் இப்போது சிக்கல். எல்லாருக்கும் அது தெரியும். மகளின் பூட்ஸில் அது இல்லை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் உரிந்து துணி தெரிந்தது.

தோலில் ஒரு துண்டு வெட்டினாள். ஒட்டுவதற்குச் சொல்யூஷன் தடவினாள். தடவியதும் காயவிட வேண்டும், கையில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் மேலே வைத்து அழுத்த வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அவள் அதில் அவசரப்பட்டதில்லை. வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. ஈரத்தோடே வைத்து அழுத்தினாள். மேலே பாலிஷை அள்ளிப் பூசினாள். அளவு சின்னது என்பதால் பின்தையலைப் பிரித்துவிட்டாள்; விறைத்த கால்களில் அந்தப் பூட்ஸ் வாயை அகலப் பிளந்துகொண்டு சுலபமாக ஏறிவிட்டது. நல்லதைத் தையல் மெஷினுக்குக் கீழே ஸ்பாஞ்சு வெட்டல் மூட்டைக்குள் திணித்து, கால்மேல் துணியைப் போர்த்திவிட்டுக் கதவைத் திறந்தாள்.

நாத்தனார் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். "என்ன இது, பஞ்சர் கடை மாதிரி வாசனை?"

"வேலை செய்யற ரூம் அண்ணி. அப்படித்தான் இருக்கும்."

"பொத்தான் தெச்சேன்னியே?"

"தெச்சேன்."

நாத்தனார் சட்டையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பெட்டி வந்துவிட்டது.

பெட்டிக்குப் பின்னால் வண்டிக்காரர்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சுவரோரமாக நின்றார்கள். அந்தச் சின்ன அறையில் மழைக்கோட்டும் பெட்ரோலும் மணத்தது. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. சொல்யூஷன் வாசனை அதில் அமுங்கிவிடும். அவரைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். துணி கொஞ்சம் விலகி பூட்ஸின் முனை வெளியே தெரிந்தது. பளபளவென்றிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படிப் பளபளத்ததில்லை.

வாசலிலிருந்து மகளின் குரல். "அம்மா, என் பூட்ஸ் எங்க? இங்கதானே விட்டேன்?"

"அங்கேயே எங்கயாவது இருக்கும். கூட்டத்துல யாராவது தள்ளியிருப்பாங்க."

"நான்தான் முன்னால ஓட்டணும். செருப்போடயா ஓட்டுவேன்?"

செருப்புக் குவியலை அவள் புரட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது. புரட்டட்டும். அவள் புரட்டி முடிப்பதற்குள் பெட்டி மூடிவிட்டால் போதும்.

முதலில் வந்தவர், எல்லாரும் சைடு ஸ்டாண்டு என்று கூப்பிடுகிறவர். அவரும் அவள் கணவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதே சரளை வளைவில் விழுந்து, காலில் இருந்த மலிவு பூட்ஸ் காகிதம் மாதிரி மடங்கி, கணுக்கால் நொறுங்கினவர். அதிலிருந்து இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் நிற்பார். பேர் வைத்தவர் அவள் கணவர்தான். "இவன் மாதிரி நிக்கற வண்டி கீழயே விழாது" என்று சொல்லிச் சிரிப்பார். சைடு ஸ்டாண்டும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தார்.

ஒட்டு நகர்ந்தது.

சைடு ஸ்டாண்டின் விரல் அசையவில்லை. விரலுக்கடியில் கறுப்பும் பிசினும் பிதுங்கி வந்தது. அவர் மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்வை கீழே இறங்கி, அவருடைய வளைந்த கணுக்காலில் போய் நின்றது. அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

பிறகு ஒட்டைப் பழைய இடத்துக்கே தள்ளி, உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"மழை வரும்போல இருக்கு" என்றார். "எல்லாருக்கும் சேர்த்து நானே தொட்டுட்டேன். மூடிடலாம்."

"அதெப்படி?" என்றான் பின்னால் நின்ற ஒருவன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"வழக்கத்தை உனக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்தான்டா. மூடுன்னா மூடு."

"நில்லுங்க சித்தப்பா."

மகள் வந்துவிட்டாள். கலைந்த தலையும் வெறுங்காலுமாக நின்றாள். "நான் தொடணும்."

"நீ அவன் பொண்ணும்மா. தலைமாட்டுக்குப் போ. முகத்தைப் பாரு."

"முகத்தை ராத்திரியெல்லாம் பார்த்தேன். நானும் வண்டி ஓட்டறவதானே? கையை எடுங்க."

சைடு ஸ்டாண்டு அவளைப் பார்த்தார், அவள் அம்மாவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கையை எடுத்தார்.

மகள் குனிந்தாள். கட்டைவிரலை வைத்தாள். ஒட்டு மறுபடியும் வழுக்கியது. கீழே உரிந்த பிளாஸ்டிக்கும் துணியும் தெரிந்தன. தன் பூட்ஸ் தனக்குத் தெரியாதா? அவள் முதுகு அப்படியே நின்றது. நிமிரவில்லை, அழவில்லை.

கத்தப்போகிறாள் என்று நினைத்தாள் தாய். கத்தட்டும். இத்தனை பேர் முன்னால் அம்மாவைத் திருடி என்று சொல்லட்டும். கழற்றி மாற்று என்று சொல்லிவிட்டால் மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் நாத்தனார். "என்ன பார்க்கறே?"

மகள் விலகிக் கிடந்த துணியை இழுத்தாள். இரண்டு கால்களையும் மூடி, குளிருக்குச் செருகுவதுபோல் குதிகாலுக்கடியில் மடித்துச் செருகினாள்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். "மூடுங்க சித்தப்பா."

மூடினார்கள். தூக்கினார்கள். அறை மெல்ல மெல்லக் காலியானது. நாத்தனாரின் அழுகை வாசலைத் தாண்டிப் போனது. தாயும் மகளும் மட்டும் நின்றார்கள்.

"எங்க?" என்றாள் மகள்.

தாய் மெஷினுக்கு முன்னாலிருந்து நகர்ந்தாள். மகள் மூட்டைக்குள் கைவிட்டு வெளியே எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு, போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் பார்ப்பாங்கம்மா."

"பார்க்கட்டும்."

"உனக்கு சுலபம். நாளைக்கு அவங்ககூட வண்டி ஓட்டப்போறது நான்."

"அதனாலதான்டி" என்றாள் தாய்.

சைடு ஸ்டாண்டு கதவருகே வந்து நின்றார். மடியில் இருந்ததைப் பார்த்தார். தெருப்பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"டேய், பொண்ணு வருது. அது முன்னால போகட்டும். நீங்கல்லாம் ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. எவனாவது வேற எதையாவது பார்த்தீங்க, தொலைச்சுடுவேன்."

வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின.

மகள் வலது காலை உள்ளே விட்டுப் பார்த்தாள். குதிகால் ஆடியது.

"பெருசா இருக்கு."

"கழட்டு. உள்ள வைக்க அளவெடுக்கறேன், இதுமேல காலை வை."

தாய் மூட்டையிலிருந்து ஸ்பாஞ்சுத் தகடு ஒன்றைத் தரையில் விரித்து, தையல் சாக்பீஸை எடுத்தாள். மகள் வெறுங்காலை அதன்மேல் வைத்தாள். கணுக்காலில் வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அசைக்காதே."

"அசைக்கலம்மா."

நடுக்கம் நிற்கும்வரை காத்திருந்து, தாய் அந்தப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தாள்.