கூட்டிக் கழித்துப் பார்த்தால்

x முடிவிலியை நோக்கிப் போகும்போது சைன் x எங்கே போய் நிற்கும் என்று கணக்குத் தேர்வில் கேட்டிருந்தேன். எங்கேயும் நிற்காது, அதுதான் விடை. ஒன்றுக்கும் மைனஸ் ஒன்றுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வகுப்பில் பாதிப் பேர் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தார்கள். ஏறினதும் இறங்கினதும் சரிக்குச் சரியாகிவிடுமாம்! மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, வயிற்றெரிச்சலோடு தாளுக்குத் தாள் முட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் தம்பி. பேக்கரியில் கேக் மேல் க்ரீமால் பெயர் எழுதுவது அவன் வேலை. ஒரு சமயம் தூக்கமே இல்லாமல், யாரும் கேட்காத கேக்குகளைச் செய்து கடை கொள்ளாமல் அடுக்கினான். அப்புறம் போர்வைக்குள் போனவன் சாப்பிடக்கூட எழவில்லை. மாத்திரை வந்த பிறகும் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான். என்ன, மாத்திரையால் கை நடுங்குகிறது. கேக் மேல் எழுத்தெல்லாம் நெளிகிறது. இனிமேல் பன் அடுக்கினால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"அக்கா, நீ சொன்னா டாக்டர் கேப்பாரு. எனக்குச் சரியாயிடுச்சுன்னு சொல்லு. மாத்திரைய நிறுத்தட்டும்."

அவன் கெஞ்சினால் எனக்கு மனசு கேட்காது. தலையாட்டிவிட்டேன்.

"தம்பி எப்படி இருக்காரு?" என்றார் டாக்டர்.

"சில நாள் குதிக்கிறான், சில நாள் சுருண்டு படுத்துடறான். கூட்டிக் கழிச்சுப் பாத்தா சரியாத்தான்..."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை போட்ட மகராசி, அதே விடையை அல்லவா சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

"இல்ல டாக்டர். சரியாகல. நிறுத்தாதீங்க. கை நடுக்கத்துக்கு மட்டும் ஏதாவது பண்ணுங்க."

"அளவை மாத்திப் பாப்போம். குறையலாம், உறுதியாச் சொல்ல முடியாது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தம்பி பொரிந்தான். "நம்ப வச்சு காலை வாரிட்டியே! எப்பதான்க்கா இது ஒரு இடத்துல நிக்கும்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நிக்காதுடா. நிக்காட்டிப் போவுது. சைன் எவ்வளவு தூரம் போனாலும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அதைத் தாண்டாது. மாத்திரை இல்லேன்னா நீ சைன் இல்ல, டேன். வானத்தைப் பிச்சுக்கிட்டு மேல போவ, அடுத்த நிமிஷம் அதலபாதாளத்துல கிடப்ப. அங்க வந்து உன்னைத் தேட என்னால ஆகாதுடா."

அழுதுவிட்டேன். வராந்தாவே பார்த்தது. பார்க்கட்டும்.

தம்பி குனிந்தான். என் கையிலிருந்து நழுவிய தாள்களைப் பொறுக்கினான். நடுங்கும் கையால் ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

"இவங்களுக்கு அரை மார்க்காவது போடுக்கா" என்றான். "பாவம், எங்கயாவது நின்னுடாதான்னுதானே எழுதியிருக்காங்க."

மருந்துச் சீட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, மருந்துக் கடை வரிசையில் அவனே போய் நின்றான்.