ஒன்றும் செய்யக்கூடாத சரிவு

மலையைப் பற்றித்தான் அவனுக்கு ஆராய்ச்சி. ஆனால் மலை ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் ஊற்று வரைக்கும் ஏறுவான். குழாய்க்குக் கீழே வாளியை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று எழுதிக்கொண்டு இறங்கிவிடுவான். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, மூன்று வருடமாக இதே வேலை. ஊரில் அவனுக்குப் பெயரே 'ஆராய்ச்சி' என்றாகிவிட்டது.

கிழக்குச் சரிவில் குறுக்கே குறுக்கே பள்ளம் வெட்டி, ஓரத்தில் புல் நட்டிருந்தார்கள். மழைநீர் ஓடிவிடாமல் நின்று மண்ணுக்குள் இறங்கினால் கோடையிலும் ஊற்று வற்றாது என்று கணக்கு. மேற்குச் சரிவில் ஒன்றும் செய்யக்கூடாது. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அங்கேதான் அவனுடைய அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். கூடப் பிறந்தவள், சொன்னால் கேட்பாள் என்று நம்பி அவனேதான் அந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்தான். அக்கா என்றைக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

மூன்றாம் வருடக் கோடையில் இரண்டு சரிவு ஊற்றும் ஒரே அளவு பெருகியிருந்தன. அப்படியானால் பெருக்கியது மழைதான், பள்ளம் இல்லை. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய அறிக்கையில் அதை எழுதினால், அடுத்துப் பள்ளம் வெட்டவிருந்த பதினோரு ஊர்களுக்கும் திட்டம் நின்றுவிடும்.

வேறு வழி தெரியாமல், மேற்குச் சரிவில் முதல்முறையாக ஊற்றைத் தாண்டி ஏறினான்.

"மேல ஒண்ணும் இல்ல மாப்ளே, வெறும் முள்ளு" என்று அக்கா புருஷன் பின்னாலேயே ஓடிவந்தார். அந்த அவசரமே சரியில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் காலடியில் பரப்பியிருந்த தழை உள்வாங்கியது. இடுப்பளவுப் பள்ளத்தில் நின்றுகொண்டு பார்த்தான். சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் தழை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள்.

புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா அரிவாளோடு வந்தாள்.

"எப்போக்கா வெட்டினீங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. கிழக்கால எப்படி வெட்டுறாங்கன்னு போய்ப் பார்த்தோம். பார்த்துட்டு எப்படிடா சும்மா இருக்கிறது?"

"ஒண்ணும் பண்ணாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"அதான் உன் கண்ணுல படாம மூடி வச்சோம். பார்த்தா மனசு நொந்துடுவியே."

"என் மூணு வருஷம் போச்சுக்கா."

அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "முதல் வருஷம் நான் தண்ணிக்குப் போயிட்டு வர எவ்வளவு நேரம்னு பின்னாடியே நடந்து வந்து எழுதினியே?"

"ஒரு மணி பத்து நிமிஷம்." பிசகாமல் சொன்னான்.

"ஒரு தடவையாவது குடத்தை வாங்கினியாடா?"

"வாங்கினா நேரம் மாறிடும்க்கா."

வாயை விட்டு வந்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. வெட்கமாக இருந்தது. பள்ளத்தைவிட்டு ஏறக்கூட மனம் வரவில்லை.

அவன் முகம் வாடியதைப் பொறுக்காமல் அக்கா புருஷன் ஆறுதல் சொன்னார். "விடுங்க மாப்ளே. ஒண்ணும் பண்ணாத சரிவா வேற ஒண்ணு பிடிச்சுக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல் ஊரு மட்டும் வேணாம். போன மாசம்தான் நான் போய் வெட்டிக் காட்டிட்டு வந்தேன்" என்றார்.

அழுகை வர வேண்டிய இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று மாலை அக்கா வீட்டில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினான். ஒப்பிடுவதற்கு வைத்திருந்த சரிவு கெட்டுவிட்டது என்று எழுதினான். மூன்று வருடமாகத் தான் ஊற்றுக்கு மேலே ஏறிப் பார்க்கவில்லை என்றும் எழுதினான்.

"இதைப் படிச்சா உன்னை வேலையில வச்சிருப்பாங்களா?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

பள்ளத்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கு 'உண்டு' என்று போட்டான். ஆதாரம் கேட்டிருந்த இடத்தில் எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டினான். "வெட்டக்கூடாது என்று தடுத்தும், சம்பளம் ஏதும் இல்லாமல், திருட்டுத்தனமாக வெட்டிக்கொண்டார்கள்."

"திருட்டுத்தனம்னு எழுதாதடா, அசிங்கமா இருக்கு. அதை எடுத்துடு."

"அதை எடுத்துட்டா அப்புறம் ஆதாரம் எங்கக்கா இருக்கு?" என்றான் அவன்.