யாருக்கும் வேண்டாத கம்பி ஹேங்கர்கள்

சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாளில் சேரும் அலுப்பு ஒன்றேகால் கிலோ. வீட்டு வேலை செய்பவருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூட வாத்தியாருக்கு எழுநூறு கிராம், பரீட்சைத் தாள் திருத்தும் மாதத்தில் மட்டும் தொள்ளாயிரம். 2023ஆம் வருஷம் ஜூலையில், தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய சமயத்தில், நீலசந்திரா என்ற பேட்டையில் ஒரு காய்கறிக் கடையின் எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் இதைச் சொன்னார்கள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை ராத்திரி கம்பி ஹேங்கரில் மாட்டிவிட வேண்டும். காலையில் அந்த ஹேங்கர் எவ்வளவு கனம் கூடியிருக்கிறதோ அதுதான் அந்த ஆளின் அலுப்பு. இதைக் கண்டுபிடித்தது விஞ்ஞானி யாரும் இல்லை. பெரிய அபார்ட்மெண்டுக்கு எதிரே மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சந்திரம்மாதான்.

சந்திரம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவளுடைய கரி இஸ்திரிப் பெட்டி ஏழு கிலோ. இருபத்திரண்டு வருஷமாக அதைத் தூக்கித் தூக்கி வலது கை காதுக்கு மேலே போகமாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. மூன்று மாதம் கையை ஆட்டாமல் இருக்கச் சொன்னார் டாக்டர். மூணு மாசம் கையை மடியில வெச்சுக்கிட்டா எங்க வீட்டு அடுப்பை யார் பத்த வெப்பாங்க என்று அவள் கேட்டதற்கு அவரிடம் மாத்திரை இல்லை. அந்தத் தெருக்களில் பாடுபடப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். சந்திரம்மா போட்டுக்கொண்டது, ஆனேக்கல் பக்கம் செக்யூரிட்டி வேலையில் இருந்துகொண்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் தலைகாட்டும் கோவிந்தப்பாவின் சட்டை. தினமும் அதை ஆணியில் மாட்டுவாள். ஜூன் மாத மழையில் சுவர் ஊறி ஆணி பெயர்ந்து விழுந்ததால் கட்டிலுக்கடியில் கையை விட்டு ஒரு ஹேங்கரை உருவினாள். ஹேங்கருக்கு என்ன பஞ்சம்? டிரை கிளீனிங் கடையிலிருந்து துணியோடு வரும் கம்பிகள் அலமாரியில் சேர்ந்து இடத்தை அடைக்கும்போதெல்லாம் அபார்ட்மெண்டுக்காரர்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, நீங்களே வெச்சுக்கோங்கம்மா என்று அவள் தலையில் கட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிறவி அவள். பழைய இரும்பு வாங்கும் குஜிரிக்காரனும் வாங்கமாட்டான். ஒன்றை இழுத்தால் பத்து வருகிறது, மெஷினில் போய்ச் சிக்கிக்கொள்கிறது என்பான். இப்படிச் சேர்ந்தது அறுநூறு. மறுநாள் காலையில் அந்த ஹேங்கரின் இரண்டு தோளும் மழையில் நனைந்த காக்கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. சந்திரம்மா இரண்டு கையையும் தூக்கிக் கொண்டை போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் கை மேலே போனதே அவளுக்கு உறைத்தது.

வேறொருத்தியாக இருந்தால் காதும் காதும் வைத்தாற்போல் இருந்திருப்பாள். இவள் பல் விளக்குவதற்குள் பக்கத்து வீட்டு நாகேஷிடம் சொல்லிவிட்டாள். சமையல் சிலிண்டரைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறுகிறவன் நாகேஷ். அக்காவுக்கு மறை கழன்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஒன்று வாங்கிப் போனான். அடுத்த வாரம் அவன் சிலிண்டரோடு படியேறும்போது விசில் அடித்தான். அப்புறம் ஊர் வாயை மூட முடியுமா? சித்தாள் வந்தாள், தோசைக்கடை மாஸ்டர் வந்தார், கார்மெண்ட்ஸில் தைக்கும் பெண்கள் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். ஒரு ஹேங்கர் எட்டு ஒன்பது ராத்திரி தாங்கும், பிறகு கழுத்து வளைந்து, கொக்கி விரிந்து, தரையைப் பார்க்கும். அதற்கு மேல் அது உபயோகப்படாது. கேட்டவருக்கெல்லாம் சந்திரம்மா கொடுத்தாள். வேலை விட்டு வந்த ஆண்கள் முறைக்காமல் சோறு கேட்டார்கள், குழாயடியில் பெண்கள் வரிசை பிசகினால்கூடச் சிரித்துக்கொண்டார்கள், வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த கேரம் போர்டுகள் தெருவுக்கு வந்தன. தசராவுக்குள் சந்திரம்மாவுக்கென்று நாலைந்து தவிர அறுநூறும் காலி.

இந்தச் சங்கதி ரோட்டைத் தாண்டி அபார்ட்மெண்டுக்குப் போக நாலு மாதம் ஆனது என்பதே ஆச்சரியம்தான். அங்கே செகரட்டரியாக இருந்தவர் சுஹாஸ். பதினோரு சட்டை வைத்திருந்தார், பதினொன்றும் வெளிர் நீலம். கேள்விப்பட்டதும் தம் அலமாரியிலிருந்த ஹேங்கர் ஒன்றில் சட்டையை மாட்டிப் பார்த்தார். ஒரு கிராம்கூட ஏறவில்லை. கடையில் புதிதாக வாங்கியதும் ஏறவில்லை. மெல்ல மெல்லத்தான் விவரம் புரிந்தது. யாராவது ஒருவர் மனசார வேண்டாம் என்று தூக்கிப் போட்ட ஹேங்கர்தான் இன்னொருவர் அலுப்பை வாங்கும். எறியாமல் வைத்துக்கொண்டவருக்கு அது வெறும் கம்பி. புரிந்தபின் கொடுத்திருக்கலாம் அல்லவா? மாட்டார்கள். மதிப்புள்ள சாமான் என்று தெரிந்துவிட்டதே. அறுபது வீட்டிலும் ஹேங்கரைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். தங்களுக்கும் உதவாது, அடுத்தவருக்கும் போகாது. அந்தப் புண்ணியவான்களை என்ன சொல்ல.

டிசம்பர் முதல் வாரத்தில் சந்திரம்மாவின் கடைசி ஹேங்கர் தரையைப் பார்த்தது. தோள் வலி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. முதலில் கொண்டை போட முடியவில்லை, பிறகு பெட்டியைத் தூக்க முடியவில்லை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினாள். மரத்தடி சும்மா கிடப்பதைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு லாண்டரி கம்பெனி அங்கே தங்கள் பெட்டிக்கடையை வைக்க அபார்ட்மெண்டில் கேட்டது. ஜனவரி பதினாறாம் தேதிக்குள் வண்டி திறக்காவிட்டால் இடம் அவர்களுக்கு என்று சுஹாஸ் வந்து, பாவம், தலையைக் குனிந்துகொண்டு கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். சந்திரம்மாவின் மகள் தாரணி மாலில் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். அம்மாவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தியே, உனக்குன்னு ஒரு பத்து எடுத்து வெக்கத் தெரியலையா என்று அழுதாள். இருபத்திரண்டு வருஷம் நின்ற இடம் போனால் வேறு எங்கே போய் நிற்பது என்றுதான் சந்திரம்மாவுக்கு யோசனை.

வளைந்துபோன அறுநூறு ஹேங்கர்களும் எங்கே என்று நியாயமாக யாரும் கேட்பார்கள். எல்லாம் அந்தந்த வீட்டுப் பரணில் இருந்தன. நீலசந்திராவின் வியாதியே அதுதான். ஓடாத மிக்சி, காலி ஜாம் பாட்டில், மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வாங்கிய ஸ்வீட் டப்பா, ஒற்றைச் செருப்பு, எதையும் தூக்கிப் போட மனசு வராது, என்றைக்காவது உதவும். நாகேஷ் ஒன்றை எடுத்து நிமிர்த்தி, இந்தாங்கக்கா, தூக்கிப் போட்டுட்டேன் என்று சந்திரம்மா மடியில் போட்டான். சட்டையை மாட்டினார்கள். காலையில் கம்பி ஸ்கேல் வைத்த மாதிரி நேராக நின்றது. மனசுக்குள் அவன் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இருந்தான், அது கம்பிக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் இருபது பேர் முயன்றார்கள். இருபது பேரும் நல்லவர்கள்தான், ஆனால் ஒருவருக்கும் தூக்கிப் போட வரவில்லை.

ஜனவரி பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, போகி. வருஷம் முழுக்கக் குண்டூசியைக்கூட விடாத இந்த ஜனங்கள் அந்த ஒரு காலையில் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுவார்கள். அன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பழம் பாய், கிழிந்த தலையணை, தேய்ந்த துடைப்பம் எல்லாம் முச்சந்திக்கு வந்தன. பரண்களும் காலியாயின. சந்திரம்மாவை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாகேஷ் தன்னுடைய பன்னிரண்டு ஹேங்கரையும் ஒரே கட்டாகக் கொண்டுவந்து நெருப்பில் எறிந்தான்.

"இதப் பாத்தாலே தோள் வலிக்குது. போய்த் தொலையட்டும் பேஜாரு."

தாரணி கிழிந்த பாயோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள். அது திருப்பிக் கேட்கிற குரல் இல்லை என்று அவளுக்குச் சட்டென்று பட்டது. நெருப்பு அடங்கியதும் குச்சியால் சாம்பலைக் கிளறி, பெயின்ட் எரிந்து கறுத்துப்போன அவன் கம்பி ஒன்றை இழுத்து, தண்ணீரில் முக்கி, முழங்காலில் வைத்து நிமிர்த்தினாள். வீட்டுக்குப் போய் அம்மா போட்டுக்கொள்ளும் அப்பாவின் சட்டையை அதில் மாட்டினாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஏமாந்தால் அம்மா தாங்கமாட்டாள் என்று அவளுக்குப் பயம்.

பொங்கல் அன்று காலையில் சட்டையின் கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆறு வாரத்து அலுப்பு, மூன்று கிலோ எண்ணூறு. இன்றுவரை அதற்கு மேல் யாருக்கும் ஏறவில்லை. சந்திரம்மா அடுப்பிலிருந்து பொங்கல் பானையை இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிட்டு, தன் வலது தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதற்குள் தாரணி போட்ட சத்தத்தில் தெருவே சாம்பலைக் கிளறப் போய்விட்டது.

அதிலிருந்து போகிக்குக்கூட யாரும் காத்திருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வளைந்த கம்பிகளைப் பக்கத்து வீட்டு வாசலில் எறிகிறார்கள், அந்த வீட்டுக்காரர் நிமிர்த்திக்கொள்கிறார், அவருடையது அடுத்த வாசலுக்குப் போகிறது. மனசார எறியப் பழக ஒரு மாதம் பிடித்தது, அவ்வளவுதான். போன வருஷம் எதிர் அபார்ட்மெண்டிலிருந்தும் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் பெட்டியைத் திறந்து எறிய ஆரம்பித்திருக்கிறார்கள். குஜிரிக்காரன் மட்டும் இன்னும் ஹேங்கரை வாங்குவதில்லை, யாரும் அவனிடம் கொண்டுபோவதும் இல்லை.

பதினாறாம் தேதி நடந்ததைச் சொல்ல விட்டுப்போயிற்று. விடிந்ததும் சந்திரம்மா தார்ப்பாயை உருவி, கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். லாண்டரி கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். நாகேஷ் அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ராத்திரியெல்லாம் அவனுக்கு ஒரே உறுத்தல்.

"அக்கா, அது என் அலுப்ப வாங்குன கம்பி. நாலு மாடி, நாப்பது சிலிண்டர். உங்களுக்கு ஒட்டிக்கப் போவுதுக்கா."

சந்திரம்மா பெட்டியைத் தூக்கி, அடியில் ஈரத்துணியால் ஒற்றிச் சூடு பார்த்தாள்.

"உன்னுது எனக்குக் கனக்கவே இல்லடா நாகேசு. என்னுதுதான் எனக்குக் கனக்குது."

அவன் போய்விட்டான். சுஹாஸ் பதினோரு நீலச் சட்டையோடு வந்து நின்றார், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார், சந்திரம்மா சரி என்றாள்.